ஒரு பெயருக்கு இரு பொருள்

ஒரே உறையில் இரண்டு வாள் இரா என்பது நம்மவர் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. தனித்தனியே எடுத்து நோக்குமிடத்து இரண்டு வாளும் குற்றமற்றனவாகவே இருக்கலாம். இரண்டையும் ஓர் உறையுள் இட முயலும்போதுதான் இடர் பிறக்கிறது. கணிப்பொறிக்கு நிரல் எழுதும் தொழிலிலும் இதனையொத்த இடர் ஒன்று உண்டு. ஒரு பெயருக்கு ஓரிடத்தில் ஒரு பொருளும் பிறிதோரிடத்தில் வேறொரு பொருளும் வரையறுக்கப்பட்டு, அவ்விரண்டும் ஒரே நிரலுள் வந்து கூடுவதே அது. இதனைக் கண்டு உரைக்கவேண்டிய கம்பைலரோ பல சமயங்களில் வாய் திறவாதிருக்கிறது. இம்மௌனம் தகுமா, தகாதா என்பதனை ஆராய்ந்து நமது அபிப்பிராயத்தை வெளியிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கியமும் சரித்திரமும் பயிலும் அன்பர்களும் இவ்விதழைப் படிப்பவராதலின், இரண்டொரு சொற்களை முதற்கண் விளக்குதல் நம் கடன். மனிதர் எழுதும் நிரலைக் கணிப்பொறிக்கு விளங்கும் இயந்திரமொழியாக மாற்றித் தரும் கருவியே கம்பைலர். அது மொழிபெயர்ப்பாளன் மட்டுமன்று, தணிக்கையாளனுங்கூட. இலக்கணப் பிழை உள்ள நிரலை ஏற்க மறுத்துப் பிழை இன்ன வரியில் உள்ளது என்று சுட்டிக் காட்டும். இனி, வகை என்பது யாது? கணிப்பொறியின் நினைவகத்தில் கிடப்பவை வெறும் எண்களே. அவற்றுள் எத்தனை பைட்டுகள் சேர்ந்து ஒரு பொருளாகும், எது முன் எது பின், எது முழு எண் எது தசம எண் என்று வகுத்துரைப்பதே வகையின் வரையறை. கல்லூரியிற் சேரும் மாணவர் நிரப்பும் அச்சுப் படிவத்தை இதற்கு ஒப்பிடலாம். படிவத்தில் கட்டங்கள் இன்ன வரிசையில் உள்ளன என்பது எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும். எழுதுவோர் ஒரு படிவத்தில் எழுத, படிப்போர் வேறொரு படிவத்தைக் கையில் வைத்துப் படித்தால், பிறந்த ஆண்டு தேர்வு எண்ணாகிவிடும்.

ஒரே கோப்பில் ஒரு வகையை இருமுறை வரையறுத்தால் கம்பைலர் அக்கணமே தடுத்து நிறுத்துகிறது. அதில் குறை கூற இடமில்லை. ஆயின் ஒரு வரையறை ஒரு கோப்பிலும், அதே பெயருடைய மற்றொரு வரையறை வேறு கோப்பிலும் இருப்பின், ஸி, ஸி பிளஸ் பிளஸ் என்னும் மொழிகளின் கம்பைலர்கள் பெரும்பாலும் ஒன்றும் உரையா. இதற்குக் காரணம் அக்கருவிகள் பிறந்த காலத்தின் வறுமையே ஆகும்.

ஸி மொழி 1972-ம் ஆண்டையொட்டி அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி என்பவரால் ஆக்கப்பட்டது. அது வளர்ந்த பி.டி.பி. 11 என்னும் கணிப்பொறி 16 பிட்டு முகவரிகளைக் கையாண்டது. ஆகவே ஒரு முகவரியால் எட்டக்கூடிய நினைவகம் 64 கிலோபைட்டே. இத்துணைச் சிறிய இடத்தில் ஒரு பெரிய நிரல் முழுவதையும் ஒருங்கே வைத்து ஆராய்தல் இயலாத காரியம். ஆதலால் நிரலைப் பல கோப்புகளாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே இயந்திரமொழிக்கு மாற்றி, இறுதியில் லிங்கர் என்னும் வேறொரு கருவியால் இணைக்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. கம்பைலர் ஒரு கோப்பை நோக்கும்போது மற்றைக் கோப்பு அதன் கண்முன் இல்லை. லிங்கரோ செயற்கூறுகளின் பெயர்களையும் பொது மாறிகளின் பெயர்களையும் மட்டுமே ஒன்றோடொன்று பொருத்துகிறது. ஒரே பெயருடைய சாதாரணச் செயற்கூறு இரண்டு கோப்புகளில் வரையறுக்கப்பட்டிருந்தால் அது கூக்குரலிடும். ஆனால் வகையின் வரையறை அதனிடம் வந்து சேர்வதில்லை. படிவத்தைக் கொண்டு கணக்கிட்டு முடிந்ததும், படிவம் எறியப்பட்டு, விடைகள் மட்டுமே இயந்திரமொழிக் கோப்பில் எஞ்சுகின்றன. இரண்டு படிவங்களும் வேறுபட்டன என்பதை லிங்கர் எதனைக் கொண்டு அறியும்?

அதே ஆய்வுக்கூடத்தில் 1979-ம் ஆண்டில் பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் என்பவர் தொடங்கிய பணியே பின்னர் ஸி பிளஸ் பிளஸ் என்னும் மொழியாக வளர்ந்தது. 1989-ம் ஆண்டில் வெளிவந்த அதன் இரண்டாம் பதிப்பில் ஒரு சீர்திருத்தம் செய்யப்பட்டது. ஒரு செயற்கூறு ஏற்கும் பொருள்களின் வகைப் பெயர்களையும் அச்செயற்கூற்றின் பெயரோடு ஒட்டி லிங்கருக்கு அனுப்பும் ஏற்பாடே அது. முழு எண்ணை ஏற்கும் செயற்கூற்றைத் தசம எண் ஏற்பதாக எண்ணி அழைக்கும் பிழைகள் பல இதனால் பிடிபட்டன. இது பாராட்டத்தக்க முன்னேற்றமே. எனினும் ஒட்டப்பட்டது வகையின் பெயர் மட்டுமே, அதன் உள்ளீடு அன்று. பெயர் ஒன்றாயின் பொருளும் ஒன்றே என்று லிங்கர் கொள்ளுகிறது. நமது இடர் இருப்பதோ அவ்விடத்திலேதான்.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம். ஒரு பெரிய நிரலை இருவர் பகுத்து எழுதுகின்றனர் என்று கொள்வோம். திரையில் படம் வரையும் பகுதியை எழுதுபவர், புள்ளி என்று ஒரு வகையை வரையறுக்கிறார்; அதில் நான்கு பைட்டு அளவுள்ள முழு எண்கள் இரண்டு, ஆக 8 பைட்டுகள். முப்பரிமாணக் கணக்குகளை எழுதுபவரும் புள்ளி என்றே ஒரு வகையை வரையறுக்கிறார். அதில் எட்டு பைட்டு அளவுள்ள தசம எண்கள் மூன்று, ஆக 24 பைட்டுகள். இருவரும் தத்தம் வகைக்குள்ளேயே, உறுப்புகள் யாவற்றிலும் பூச்சியத்தை இடும் தொடக்கச் செயற்கூறு ஒன்றையும் எழுதி வைக்கின்றனர். அவ்விரு செயற்கூறுகளுக்கும் லிங்கரிடத்தில் பெயர் ஒன்றே. வகைக்குள் எழுதப்பட்ட செயற்கூறுகள் ஹெடர் கோப்புகளின் வாயிலாகப் பல கோப்புகளில் மீண்டும் மீண்டும் வருதல் இயல்பாதலின், அவற்றுள் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடுதல் லிங்கரின் வழக்கம். தள்ளுமுன் அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை.

இனி விளைவைக் காண்க. 24 பைட்டுக்குரிய செயற்கூறு எஞ்சியதென்றால், திரைப்பகுதி 8 பைட்டு இடத்தை ஒதுக்கிவிட்டு அதனை அழைக்கிறது. அதுவோ 24 பைட்டிலும் பூச்சியத்தை எழுதிவிடுகிறது. அண்டையிலுள்ள 16 பைட்டுகளில் இருந்த பிறர் பொருள் அழிந்துபோகிறது. 8 பைட்டுக்குரியது எஞ்சினாலோ, முப்பரிமாணப் புள்ளியின் பெரும்பகுதி பூச்சியமிடப்படாமல் பழைய குப்பையோடு நிற்கிறது. எது எஞ்சும் என்பது கோப்புகளை லிங்கருக்குக் கொடுத்த வரிசையைப் பொறுத்ததாகலாம். அன்றியும், வேகத்தைக் கூட்டும் முறையில் நிரலை மாற்றும்போது, அச்சிறு செயற்கூறு அழைக்கும் இடத்திலேயே கரைந்துவிடுதலும் உண்டு. அப்பொழுது பிழை மறைந்தே போகிறது. எனவே சோதனைச் சாலையில் தோன்றிய நோய் வெளியில் தோன்றாமலும், சோதனையில் தோன்றாதது வெளியில் தோன்றியும் நிரலாளரை அலைக்கழிக்கிறது. அழிந்த பொருளைத் தேடுவோர், அதனை அழித்த கோப்பைச் சந்தேகிக்கவும் காரணம் காணார். ஏனெனில் அக்கோப்பில் ஒரு பிழையும் இல்லை.

நிற்க. இதனைத் தடுக்கும் சட்டம் அம்மொழியில் இல்லையோ எனின், உண்டு. 1998-ம் ஆண்டில் வெளிவந்த முதற் சர்வதேசத் தரநூலிலேயே ஒற்றை வரையறை விதி என்பது இடம் பெற்றுள்ளது. ஒரு வகை பல கோப்புகளில் வரையறுக்கப்படலாம். ஆயின் அவ்வரையறைகள் யாவும் சொல்லுக்குச் சொல் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்பது அவ்விதியின் சாரம். அதனை மீறிய நிரலின் நடத்தைக்கு யாதோர் உறுதியும் இல்லை. இவ்வளவும் செவ்வையே. ஆனால் அவ்விதி மீறப்பட்டதைக் கம்பைலர் எடுத்துரைக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை என்று அத்தரநூலே விலக்கும் அளித்துவிடுகிறது. திருட்டைக் குற்றமென்று சட்டம் இயற்றிவிட்டு, காவற்காரன் உறங்கலாம் என்று அவனுக்கு உத்தரவும் கொடுத்து, பொருளை இழந்த வீட்டுக்காரனையே பொறுப்பாளியாக்குவது எத்தகையதோ, அத்தகையதே இது. விதியை விதிப்பவர், அதன் மீறலை அறிய வழியும் செய்தல் வேண்டும் என்பதே நமது துணிபு.

இதற்கு மறுப்பாக, நிரலாளர் கவனமாக இருந்தால் போதாதோ என்பாரும் உளர். ஒருவரே முழுவதும் எழுதும் சிறு நிரலுக்கு அஃது ஒருவாறு பொருந்தும். பலர் கூடிப் பல ஆண்டுகள் எழுதும் நிரலில் எல்லாக் கோப்புகளையும் படித்தவர் ஒருவரும் இரார். புள்ளி, கணு, பட்டியல், அமைப்பு என்பன போன்ற பெயர்கள் எவர் மனத்திலும் எளிதில் தோன்றுவன. பிறர் எழுதிய நூலகங்களை வாங்கிச் சேர்க்கும்போது அவற்றுள் ஒளிந்திருக்கும் பெயர்களை அறிவது இன்னும் அரிது. அன்றியும், வரையறையை ஒரே ஹெடர் கோப்பில் வைத்துக் காப்பவரும் இவ்விடருக்குத் தப்பியவரல்லர். பிழை தேடும் சமயத்துக்கென ஓர் உறுப்பைக் கூடுதலாகச் சேர்க்கும் நிபந்தனை அந்த ஹெடரில் இருந்து, ஒரு கோப்பு அந்நிபந்தனையோடும் மற்றொன்று அஃதின்றியும் மொழிமாற்றம் செய்யப்பட்டால், ஒரே ஹெடரிலிருந்தே இரண்டு வேறு வகைகள் பிறந்துவிடுகின்றன. எழுத்து ஒன்றே, பொருள் இரண்டு! இங்கே கவனக்குறைவு யாருடையது? ஒவ்வொரு பக்கமும் தன்னளவில் குற்றமற்றதாயிருக்க, இரண்டின் கூட்டுறவில் குற்றம் தோன்றும்போது, இரண்டையும் ஒருங்கே காணும் கருவியே அதனைக் கூறுதற்குரியது.

அவ்வாறு சோதிப்பதால் காலமும் இடமும் அதிகம் செலவாகுமே என்பது இரண்டாவது மறுப்பு. 64 கிலோபைட்டுக் காலத்தில் இது நியாயமான மறுப்பே. அன்றைய கருவியை ஆக்கியோரை நாம் குறை கூறோம். இன்றோ மாணவர் சட்டைப்பையிலுள்ள தொலைபேசியின் நினைவகம் அதனினும் பல்லாயிர மடங்கு பெரிது. அன்றியும், இச்சோதனை இயலாததன்று என்பதற்குச் சரித்திரமே சான்று. 1979-ம் ஆண்டில் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் லின்ட் என்னும் கருவி இருந்தது. அது பல கோப்புகளை ஒருங்கே நோக்கி, ஒரு செயற்கூறு ஓரிடத்தில் ஒருவாறாகவும் வேறிடத்தில் வேறுவாறாகவும் வழங்கப்படின் எடுத்துரைக்கும். 1983-ம் ஆண்டில் தரப்படுத்தப்பட்ட அடா என்னும் மொழியில், ஒரு பகுதியின் அறிவிப்பு மாறிவிட்டால் அதனைச் சார்ந்த பகுதிகள் யாவும் காலாவதியானவையாகக் கருதப்படும். அவற்றை மீண்டும் மொழிமாற்றம் செய்தாலன்றி நிரலை இணைத்து இயக்க வழியில்லை. ஜி.ஸி.ஸி. என்னும் கம்பைலரின் ஐந்தாம் பதிப்பு 2015-ம் ஆண்டில் வெளிவந்தபோது, இணைக்கும் தறுவாயில் முழு நிரலையும் ஒருங்கே ஆராயும் முறையைத் தெரிந்துகொள்வோர்க்கு, ஒற்றை வரையறை விதியின் மீறலைச் சுட்டும் எச்சரிக்கை கிடைக்கலாயிற்று. 2020-ம் ஆண்டின் தரநூலோ, ஹெடரை ஒவ்வொரு கோப்பிலும் ஒட்டும் பழைய வழக்கத்துக்கு மாற்றாக மாட்யூல் என்னும் அமைப்பை வகுத்தது. ஆயினும் முன்னரே எழுதிக் குவிக்கப்பட்ட நிரல்களை அது தானே திருத்திவிடாது.

ஆகவே மருந்து இல்லாமலில்லை. கேட்பவருக்கு மட்டுமே அது கொடுக்கப்படுகிறது என்பதே நம் குறை. நோய் இருப்பதை அறியாதவன் மருந்தைக் கேட்பது எங்ஙனம்? சோதனையை இயல்பான நடைமுறையாக்கி, வேண்டாதவர் மட்டும் அதனை விலக்கிக்கொள்ளுமாறு செய்தல் வேண்டும். ஒவ்வொரு வகையின் வரையறையினின்றும் ஒரு சிறு முத்திரை எண்ணைக் கணக்கிட்டு இயந்திரமொழிக் கோப்பில் வைத்துவிட்டால், ஒரே பெயருக்கு இரண்டு முத்திரைகள் இருப்பதை லிங்கர் எளிதில் காணக்கூடும். முத்திரையில்லாத பழைய நூலகங்கள் வந்து சேருமாயின் என் செய்வது எனில், இப்பகுதி சோதிக்கப்படவில்லை என்று ஒரு வரியில் அறிவித்துவிடலாம். பாராததைப் பார்க்கவில்லை என்று கூறுதல் கருவிக்கு இழிவன்று.

இஃது ஏதோ வல்லுநர்க்குள் நிகழும் சொற்போர் என்று எண்ணற்க. ஒரு பெயரால் இரு பொருள் கொண்டதன் விலை எத்துணைப் பெரிதாகலாம் என்பதற்கு விண்வெளிச் சரித்திரத்தில் ஒரு சான்று உண்டு. 1998-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி அமெரிக்கர் செவ்வாய்க் கிரகத்துக்கு ஒரு விண்கலத்தை ஏவினர். மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்பது அதன் பெயர். 1999-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி அது கிரகத்தை அணுகியபோது, கணித்ததைக் காட்டிலும் மிகத் தாழ்வாகச் சென்று அழிந்தொழிந்தது. கலத்தின் சிறு உந்திகள் தந்த கணத்தாக்கை ஒரு நிரல் பவுண்டு அளவையில் எழுத, அதனைப் பெற்ற மற்றொரு நிரல் நியூட்டன் அளவையில் படித்ததே காரணமென்று விசாரணையில் தெளிவாயிற்று. ஒரு பவுண்டு விசை ஏறத்தாழ 4.45 நியூட்டனுக்குச் சமம். இது கம்பைலரின் பிழையன்று. கோப்பின் வாயிலாக எண்கள் கைமாறியபோது நேர்ந்த பிழை. எனினும் இரண்டின் குலமும் ஒன்றே. எழுதியவர் கணக்கு தம்மளவில் சரி, படித்தவர் கணக்கும் தம்மளவில் சரி; இரண்டையும் ஒருங்கு வைத்து ஒப்பிட்ட கண் ஒன்றும் இல்லை. எண் எண்ணாகவே இருந்தபடியால் எந்தக் கருவியும் ஐயுறவில்லை.

இனி நம் மாணவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வகுப்பறையில் நீங்கள் எழுதும் பயிற்சி நிரல்கள் பெரும்பாலும் ஒரே கோப்பில் அடங்குவன. ஆங்கே இப்பிழை தோன்ற வழியில்லை. தோன்றினும் கம்பைலர் உடனே பிடித்துவிடும். அதனால் கம்பைலர் எல்லாம் அறிந்தது, அது வாளாவிருந்தால் நிரல் செவ்வையானது என்ற எண்ணம் உள்ளத்தில் வேரூன்றிவிடுகிறது. பட்டம் பெற்று வெளியே சென்று, ஆயிரக்கணக்கான கோப்புகளுள்ள நிரலில் கைவைக்கும் நாளில் அவ்வெண்ணமே உங்களுக்குப் பகையாகும். ஆகலின், ஒவ்வொரு வகையையும் ஓரிடத்திலேயே வரையறுத்து, வேண்டுமிடமெல்லாம் அதனையே எடுத்தாளுங்கள். ஒரு கோப்பின் சொந்த உபயோகத்துக்கென ஆக்கிய வகையை, ஸி பிளஸ் பிளஸ் மொழி தரும் பெயரற்ற பெயர்வெளிக்குள் அடைத்து, வெளியிலுள்ள பெயரோடு மோதாதபடி காத்துக்கொள்ளுங்கள். ஒரு நிரலைச் சேர்ந்த கோப்புகள் அனைத்தையும் ஒரே நிபந்தனைகளோடு மொழிமாற்றம் செய்யுங்கள். கருவி தரக்கூடிய எச்சரிக்கைகளைக் கேட்டுப் பெறுங்கள்.

ஆசிரியர்களிடமும் நமக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. பாடத்திட்டத்தில் ஒரு பயிற்சியேனும் பல கோப்புகளாகப் பகுக்கப்பட்டதாய் இருத்தல் நலம். அதில் வேண்டுமென்றே ஒரு வகையை இருவிதமாக வரையறுத்து வைத்து, கம்பைலர் ஒன்றும் உரையாமல் ஏற்றுக்கொள்வதையும், கோப்புகளின் வரிசையை மாற்றிக் கொடுத்தால் விடை மாறுவதையும் மாணவர் தம் கண்ணாற் காணச் செய்தல் வேண்டும். ஒரு மணி நேரப் பயிற்சி அது. பல நாள் விரிவுரையினும் அதிகம் கற்பிக்கும் என்பது நம் நம்பிக்கை.

கருவிகளை ஆக்குவோர் தம் கடமையைச் செய்யும் நாள் வருமட்டும், பயன்படுத்துவோர் விழிப்போடிருத்தல் அவசியமே. ஆயினும் அவ்விழிப்பைக் காட்டிக் கருவியின் குறையை மூடிவிடுதல் நியாயமாகாது. ஒப்பிடக்கூடிய இடத்தில் ஒப்பிடாமல் விட்டு, விட்டதையும் சொல்லாமலிருக்கும் கம்பைலர், தன் வேலையில் ஒரு பங்கைச் செய்யாமலே முழுக்கூலி பெறுகிறது. நம் கல்லூரியினின்று வெளிப்போந்து இத்துறையில் பணியாற்றும் பழைய மாணவர்களும், இனி அத்துறைக்குச் செல்லவிருக்கும் இளைஞரும் இதனைச் சிந்தித்து, தாம் ஆக்கும் கருவிகளிலேனும் இக்குறை நிகழாவண்ணம் செய்வார்களாக.